பதினேழு பருக்கள் இடம் மாறிய விவரம்

ஜெனிதாவின் முகத்திலிருந்த பதினேழு பருக்களும் ஆகஸ்ட் மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு, கணக்குப் பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே வரிசையாக இறங்கி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஃபிசாவின் முகத்துக்குக் குடிபோயின. நெற்றியிலிருந்த ஒன்பதும் முதலில் கிளம்பின. பிறகு கன்னங்களிலிருந்த ஐந்து. தாடையிலிருந்த மூன்றும் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கடைசியாகப் புறப்பட்டன. மழைக்கு முன்னால் எறும்புகள் இடம் மாறுகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகக் கழுத்து வழியே இறங்கி, சட்டைக் கையோரமாக வந்து, பெஞ்சின் மேல் விரித்திருந்த நோட்டைக் கடந்து, ஃபிசாவின் முழங்கையில் ஏறின. கணக்கு எடுத்த காவேரி மிஸ் திரும்பிப் பார்த்து, "அங்க என்ன ஊருது? நோட்டைத் தட்டிட்டு எழுதுங்க" என்றாரே தவிர பாடத்தை நிறுத்தவில்லை. சாந்தோம் பக்கத்துப் பள்ளி அது, ஆறாம் வகுப்பு பி பிரிவு. நாற்பத்திரண்டு பிள்ளைகளில் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்த ஃபிசாவைத் தவிர எல்லோரும் பார்த்தார்கள், அவளிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. இன்றுவரை யாரும் மறுக்கவில்லை.

அந்தப் பருக்கள் ஜெனிதாவுக்கு வந்தது மே மாத விடுமுறையில், அவளுக்குப் பதினோரு வயது நடந்துகொண்டிருந்தபோது. நொச்சிக்குப்பத்தில் குடியிருந்தார்கள். அப்பா ஏசுராஜ் கடலுக்குப் போகிறவர். அம்மா தேசம்மாவுக்கு லூப் ரோட்டு மீன் அங்காடியில் கடை. விடிவதற்குள் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்துவந்து, மதியம் வரை உட்கார்ந்து விற்று, வீட்டுக்கு வந்ததும் சுருண்டு படுத்துவிடுகிற பெண். மகளின் நெற்றியைப் பார்த்து, "வயசுக்கு வர நேரத்துல எல்லாத்துக்கும் வரதுதான். தானா போவும்" என்றாள். போகவில்லை. ஜெனிதா தானாகவே டூத் பேஸ்ட் தடவினாள், எலுமிச்சம்பழத்தைத் தேய்த்தாள், உப்பு போட்டு உரசினாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு புதிதாக வந்தன. பள்ளி திறந்ததும் கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் 'மக்காச்சோளம்' என்று பெயர் வைத்தார்கள். ஃபிசா மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அதுதான் ஜெனிதாவுக்குத் தாங்கவில்லை. ஃபிசாவின் முகம் அப்போதுதான் உறை பிரித்த சோப்பு மாதிரி இருக்கும், ஒரு புள்ளி கிடையாது. அந்த முகம் நாள் முழுக்க அரை அடி தூரத்தில் உட்கார்ந்து, பென்சில் கடன் கேட்டு, சிரித்துக்கொண்டிருந்தது. ஜெனிதாவுக்கு வயிறு எரியும். நிஜமாகவே எரியும், டிபன் பாக்ஸைத் திறக்க முடியாமல் மூடி வைத்துவிடுவாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஆண்டு விழாவுக்கு வருகிற விருந்தினருக்குச் சந்தனத் தட்டு ஏந்த ஒரு பெண் வேண்டும் என்று வந்து கேட்டார்கள். போன வருடம் ஏந்தியது ஜெனிதா. காவேரி மிஸ் இருவரையும் பார்த்தார். ஒரு நொடிதான் பார்த்தார். "ஃபிசா நிக்கட்டும். மூஞ்சி பளிச்சுனு இருக்கு" என்றார். ஜெனிதா நோட்டில் கண்ணைப் பதித்துக்கொண்டு, இந்த முகம் ஒரே ஒரு நாள் அவளுக்கு இருக்கட்டும், அப்போது தெரியும் என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் முதல் பரு நகர ஆரம்பித்தது.

ஆண்டு விழாவில் தட்டை ஜெனிதாவே ஏந்தினாள். மூன்றாம் நாள்தான் தேசம்மா கவனித்து, "பாத்தியா, நான் சொன்னேன்ல, தானா போச்சு" என்றாள். ஜெனிதா பஸ் கண்ணாடி, கடைக் கண்ணாடி, தண்ணீர்க் குடத்தின் வழவழப்பு என்று எதைக் கண்டாலும் நின்று முகம் பார்த்தாள். அந்தச் சந்தோஷம் சரியாகப் பன்னிரண்டு நாள் நீடித்தது. பதின்மூன்றாம் நாள் அறிவியல் நோட்டை வாங்கிவர மீர்சாகிப்பேட்டையிலிருந்த ஃபிசாவின் வீட்டுக்குப் போனாள்.

ஃபிசாவின் அம்மா அஸ்மத்துன்னிசா தி. நகர்க் கடை ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே ஆரி வேலை செய்து கொடுப்பவர். ஜாக்கெட் துணியில் மணி மணியாகக் கோத்துப் பழகிய கை. மகள் முகத்தில் ஒரே நாளில் பதினேழு பரு கண்டதும் அவர் தெருவில் யாரையும் யோசனை கேட்கவில்லை. நேரே அடையாறில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போய்விட்டார். டாக்டரம்மா சொன்னதையெல்லாம் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தார். ஜெனிதா உள்ளே நுழைந்தபோது ஃபிசா நாற்காலியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். முன்முடியைக் கிளிப் போட்டு மேலே தூக்கியிருந்தது. அஸ்மத்துன்னிசா இரண்டு விரலால் மகளின் தாடையைப் பிடித்துக்கொண்டு, நுரையை வட்ட வட்டமாகத் தடவி, மக்கில் தண்ணீர் அள்ளிக் கழுவி, பழைய பருத்தித் துப்பட்டாவால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தார். பிறகு ஒரு டியூபைப் பிதுக்கினார். "பட்டாணி அளவுதான் பேட்டா. அதிகமா போட்டா சீக்கிரம் போகும்னு நெனச்சிடாதே, எரியும். எட்டு வாரம் பொறுமையா இருக்கணும்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க." ஃபிசா கண்ணை மூடிக்கொண்டு, "அம்மீ, கூசுது" என்றாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த இரண்டு விரல்களைப் பார்த்ததும் ஜெனிதாவின் தாடை வலித்தது. வயிறு முன்னைவிட மோசமாக எரிந்தது.

அதற்குப் பிறகு அவள் தினமும் மாலையில் ஐஸ் ஹவுஸ் வழியாக நடந்து மீர்சாகிப்பேட்டைக்குப் போனாள். அங்கே வீட்டுப்பாடம் என்றும், தன் வீட்டில் டியூஷன் என்றும் சொல்லிக்கொண்டாள். தலையணை உறையை வாரத்துக்கு இரண்டு தரம் மாற்றுவதையும், வெயிலில் கிளம்புமுன் சன் ஸ்கிரீன் பூசுவதையும், எண்ணெய் நெற்றியில் இறங்காமல் பின்னல் போடுவதையும், கை தானாக முகத்துக்குப் போகும்போதெல்லாம் அஸ்மத்துன்னிசா ஊசியிலிருந்து கண் எடுக்காமலே "கிள்ளாதே" என்பதையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தன் பருக்களைத் திரும்பப் பெற அவள் செய்யாததில்லை. வடை தின்ற கையைக் கன்னத்தில் துடைத்தாள். நான்கு நாள் முகம் கழுவாமல் இருந்தாள். பருக்கள் அசையவில்லை. பொறாமைப்படுகிறவளிடமிருந்து படாதவளிடம்தான் அவை போகும் என்று அவளுக்கு மெல்ல விளங்கியது. ஃபிசாவிடம் பொறாமை துளிகூட இல்லை. வகுப்பில் இப்போது அவளைத்தான் மக்காச்சோளம் என்றார்கள். அவள் வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, "உனக்காவது சரியாச்சே, எனக்கு சந்தோஷம்" என்றாள். எப்படிச் சரியானது என்று ஒருநாள் கேட்டாள்.

"எங்கம்மா இன்னாவோ தடவுனாங்க" என்றாள் ஜெனிதா.

அந்தப் பொய் அக்டோபர் முதல் வாரத்தில் லூப் ரோட்டுக்கு வந்து சேர்ந்தது. அஸ்மத்துன்னிசா மீன் அங்காடியில் கடை கடையாக விசாரித்து, தேசம்மாவின் முன்னால் வந்து நின்றார். சங்கரா மீனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, நான் ஃபிசாவோட அம்மா. உங்க பொண்ணு மூஞ்சிக்கு என்ன தடவுனீங்க? எனக்கும் சொல்லுங்களேன்" என்றார்.

"நானா? நான் ஒண்ணியும் தடவலியே பாயம்மா. தானா போச்சு."

"ஜெனிதா சொல்லிச்சே. தினம் நம்ம வீட்டுக்குத்தானே வருது. ரொம்ப நல்ல பிள்ளை. நான் ஃபிசாவுக்கு மருந்து போடும்போதெல்லாம் பக்கத்துலயே உக்காந்து பார்க்கும்."

தேசம்மாவின் கையிலிருந்த கத்தி நின்றது. மகள் மாலையில் டியூஷனுக்குப் போவதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். சுத்தம் செய்த சங்கராவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். பிறகு கடையைப் பாதியில் மூடினாள். பதினெட்டு வருடத்தில் அவள் அப்படி மூடியது அதுதான் முதல் தடவை.

வீட்டில் ஜெனிதா எல்லாவற்றையும் சொன்னாள்: கணக்குப் பாடம், முழங்கை, தட்டு, பொய். பருக்கள் நடந்துபோனதைப் பற்றித் தேசம்மா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடலோரத்தில் பிறந்தவள், அதைவிட விநோதமானதெல்லாம் வலையில் வந்து பார்த்திருக்கிறாள். அவளைக் குத்தியது வேறு.

"அந்தம்மா மூஞ்சியத் தொடுறத பாக்கறதுக்கா தெனம் அம்மாந்தூரம் நடந்துக்கினு போன? இன்னாடி, எங்கையில மீன் கவிச்சி அடிக்குதுன்னா?"

"நீ தொடவே இல்லியேம்மா" என்றாள் ஜெனிதா.

தேசம்மா எழுந்துபோய் எலுமிச்சைத் தோலைக் கையில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அவளுக்குள் அன்று எரிந்ததைப் பார்த்தால் மகளுக்கு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். மறுநாளே ஜெனிதாவை இழுத்துக்கொண்டு மீர்சாகிப்பேட்டைக்குப் போய், வாசலில் நின்றபடி, "எப்டி கழுவணும்னு எனுக்கும் காட்டு பாயம்மா" என்று கேட்டாள். அஸ்மத்துன்னிசா நாற்காலியை இழுத்துப் போட்டுக் காட்டினார். தேசம்மா விரல் அசைவு ஒவ்வொன்றையும் முறைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். இதற்கிடையே ஜெனிதா ஃபிசாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள். ஃபிசா அழவில்லை. "எனக்குக் குடுத்துட்டு, நீ போய்த் தட்டு புடிச்சியா?" என்று கேட்டாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வகுப்பில் இடம் மாற்றி உட்கார்ந்தாள். ஒன்பது நாள் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவள் வேறு பிள்ளைகளோடு உட்கார்ந்து சிரிப்பதை ஜெனிதா தூரத்திலிருந்து பார்த்தாள். அந்த எரிச்சல் எதையும் நகர்த்தவில்லை. அவளிடம் கொடுக்க ஒரு பருவும் மீதி இல்லை.

தேசம்மா சும்மா இருக்கவில்லை. மகள் முகத்தில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், மாலை ஐந்து மணிக்குக் குடியிருப்பின் பொதுக் குழாயடியில் அவளை உட்காரவைத்து முகம் கழுவிவிட்டாள். அவளுக்கு மெதுவாகப் பேச வராது. கழுவும்போதே அன்றைக்கு மீன் வாங்க வந்து பேரம் பேசினவர்களைப் போலெல்லாம் பேசிக் காட்டுவாள். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு நின்று சிரிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி மூக்கில் நுரையை அப்புவாள். ஜெனிதா சிரித்துச் சிரித்து நுரையை விழுங்கிவிட்டு இருமுவாள். அதற்கு மறுபடியும் சிரிப்பு. பத்தாம் நாள் ஃபிசா, ஜெனிதாவிடம் வாங்கியிருந்த ஒரு நோட்டைத் தூக்கியெறிந்துவிட்டுப் போகலாம் என்று கோபமாக அங்கே வந்தாள். குழாயடிக்குப் பத்தடி தள்ளி நின்றாள். அவள் அம்மா அவளுக்கு முகம் கழுவுவது சுத்தமாக, பொறுமையாக, பள்ளிவாசலில் இருப்பது போல அமைதியாக நடக்கும். அம்மீ இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. ஃபிசா நோட்டை மார்போடு இறுக்கிக்கொண்டாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு வயிறு எரிந்தது.

மருந்தில் வாடியது போக அவள் முகத்தில் அப்போது பதினொன்று மீதி இருந்தன. அதில் ஆறு இறங்கின. ஈர சிமெண்டில் வழுக்காமல் ஓரமாகவே நடந்து வந்தன. பெண்கள் குடங்களை நகர்த்தி வழி விட்டார்கள். ஜெனிதா நுரையோடு குனிந்து முகத்தை நீட்டினாள். தேசம்மா ஆறையும் எண்ணிவிட்டு, தூரத்தில் நின்றவளைப் பார்த்து, "இன்னாத்துக்கு அங்கியே நிக்கற? இப்டி வந்து குந்து. உனுக்கும் கழுவுறேன்" என்று கத்தினாள். ஃபிசா வந்து உட்கார்ந்தாள். முதல் ஐந்து நிமிடம் முறைப்பாகத்தான் இருந்தாள்.

அடுத்த முறை அடையாறுக்கு நான்கு பேராகப் போனார்கள். டாக்டரம்மா இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு சீட்டு எழுதினார். எண்ணிக்கையை மட்டும் சேர்த்தே குறித்துக்கொண்டார். இப்போது இருவரும் எட்டாம் வகுப்பு. காலையிலும் மாலையிலும் தாங்களே கழுவிக்கொள்கிறார்கள். பரு என்பது கெட்ட சமாசாரம் அல்ல, கவனிக்கவேண்டிய சமாசாரம் என்று புதிதாக ஆறாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். பொறாமை நிற்கவில்லை. ஃபிசா அறிவியலில் முதலாவதாக வந்தபோது ஜெனிதாவிடமிருந்து இரண்டு போயின. ஜெனிதாவை அவள் அப்பா படகில் கூட்டிப்போன ஞாயிற்றுக்கிழமை ஃபிசாவிடமிருந்து மூன்று வந்தன. வந்ததைக் கழுவி, மருந்து போட்டு, அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள்.

போன மாதம் ஜெனிதாவின் தாடையில் புதிதாக ஒன்று வந்திருந்தது. இருவரும் அந்த வாரம் எதற்கும் பொறாமைப்பட்டதாக நினைவில்லை. தேசம்மா கடையிலிருந்தே போன் போட்டாள். "பாயம்மா, உங்கூட்டுல ஒண்ணு கொறையுதா?"

"இல்லையேக்கா. ஃபிசாவுக்கு மூக்குல ரெண்டு இருந்துச்சு, ரெண்டும் அப்படியே இருக்கு."

அப்போது மீன் வாங்க வந்து நின்ற ஒருத்தி, கோட்டூர்புரத்திலிருந்து வருகிறவள், தன் மகளுக்குத் தாடையில் இருந்த ஒன்றைக் காலையிலிருந்து காணோம் என்றாள். தேசம்மா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வஞ்சிரத்தை நறுக்கியபடியே, "எங்கூட்டுலதான் கீது. பட்டாணி அளவு மருந்து போட்டுக்கினு கீறோம், நீ கவலப்படாத" என்றாள். அந்தப் பெண் சரி என்று துண்டுகளைப் பையில் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.