வட்டு விழும்வரை

விஜ்தானின் கையிலிருந்து வட்டு கிளம்பிய அதே கணத்தில் அவள் அம்மா குலவையிட்டாள். ஏனோதானோ குலவை இல்லை. துனிசியாவில், கஸ்ரீன் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்ணை அழைத்துப் போகும்போது தெருக்கோடி வரை கேட்குமே, அந்தக் குலவை. கூட வந்திருந்த அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். விஜ்தான் திரும்பிப் பார்த்தாள், முகமெல்லாம் பல்லாகச் சிரித்தாள், சிரித்த வாக்கில் வட்டத்தைத் தாண்டி முன்பக்கமாக அம்மாவை நோக்கி ஓடினாள். வட்டு அப்போதும் ஆகாயத்தில்தான் இருந்தது.

அது போய் விழுந்த இடத்தை மைதானமே பார்த்தது. அதுவரை முதலிடத்தில் இருந்த பெண்ணின் அடையாளக் கொடியைத் தாண்டி, நன்றாகவே தாண்டி விழுந்தது. நடுவர் மட்டும் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. வட்டத்தின் இரும்பு விளிம்பைப் பார்த்தபடி சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டார். வட்டு மண்ணைத் தொடும் முன்னால் வெளியே கால் வைத்தால் எறி செல்லாது. தொட்ட பிறகும் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். விஜ்தானைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். என்ன பிரயோசனம்? அம்மாவின் குரல் காதில் விழுந்ததும் எல்லாம் பறந்துவிட்டது.

கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்த நஜீபா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தப் பெண்ணுக்குக் குண்டும் வட்டும் எறியக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். யாரைக் குறை சொல்வது? வரமாட்டேன் என்றிருந்த அம்மாவை நடையாய் நடந்து அழைத்து வந்தவளும் அவளேதான்.

நஜீபா விளையாட்டு ஆசிரியையாக வேலை பார்த்த பள்ளி அங்கிருந்து மலைப்பக்கமாக ஒரு சிற்றூரில் இருந்தது. பந்து விளையாட ஒல்லிப் பெண்களை எல்லா ஆசிரியைகளும் தேடுவார்கள். நஜீபா தோள் அகலமானவர்களைத் தேடினாள். நிறைந்த கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டே, கீழே நின்ற தங்கையை மூச்சு வாங்காமல் திட்டிக்கொண்டிருந்த விஜ்தானைப் பார்த்த அன்று அவளுக்குப் புதையல் கிடைத்த சந்தோஷம். இப்படிச் சேர்த்த பெண்களை ஊர் 'அலமாரி' என்று கேலி செய்தது. நஜீபா அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டாள். "என் அலமாரிங்க எங்கடி?" என்று அவள் குரல் கொடுத்தால் பள்ளிக்கூடமே திரும்பிப் பார்க்கும், அந்தப் பெண்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவார்கள்.

பயிற்சி முழுக்கப் பள்ளிக்குப் பின்னால் இருந்த கல்லாங்காட்டில்தான். வட்டு கல்லில் பட்டு விளிம்பு நசுங்கும். அதைச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்குவார்கள். குண்டு எறிந்து முடித்ததும் "கழுத்தைக் காட்டு" என்பாள் நஜீபா. தாடைக்குக் கீழே மண் அப்பியிருந்தால் சரியாகத் தள்ளியிருக்கிறாள் என்று அர்த்தம். கழுத்து சுத்தமாக இருந்தால் பந்து மாதிரி வீசியிருக்கிறாள். அன்றைக்குத் திட்டு நிச்சயம். இன்று காலை குண்டு எறிதலில் இன்னொரு அலமாரியான ஷிராஸ் இரண்டாவதாக வந்தாள். அந்த மண்ணைக் கழுவாமல் அப்படியே வைத்துக்கொண்டு, பார்ப்பவர்களுக்கெல்லாம் கழுத்தைக் காட்டியபடி திரிந்தாள். முதலாவதாக வருபவர்தான் தலைநகர் துனிஸில் நடக்கும் தேசியப் போட்டிக்குப் போகலாம். அந்தப் பள்ளியிலிருந்து இதுவரை ஒருத்தியும் போனதில்லை. மிச்சமிருந்தது விஜ்தானின் வட்டுதான். அவளுக்கு இது பள்ளியில் கடைசி வருஷம்.

அம்மா மப்ரூக்காவுக்கு இதெல்லாம் பிடிக்காது. இரும்பைத் தூக்கி எறிகிறவளை எவன் வந்து பெண் கேட்பான் என்பாள். நஜீபா வாராவாரம் போய் உட்கார்ந்து, அவள் சுட்ட ரொட்டியை ஹரீஸா மிளகாய் விழுதில் தோய்த்துத் தின்று, தேநீர் குடித்து, ஒரே ஒரு தடவை வந்து பாருங்கள் என்று மட்டும் கேட்டாள். கடைசியில் மப்ரூக்கா இறங்கி வந்தாள். வந்து பார்க்கிறேன், ஜெயித்தால் துனிஸுக்கு அனுப்புகிறேன் என்று வாக்கும் கொடுத்தாள். வந்தவள் மகள் சுழன்ற சுழற்சியைப் பார்த்தாள். பெற்ற வயிறு, பொறுக்கவில்லை.

இனி ஒரே ஒரு எறி. வேறொரு பள்ளிப் பயிற்சியாளர், அந்தப் பெண்களை வெளியே அனுப்பிவிடுங்கள், இது கல்யாண வீடா என்று நடுவரிடம் சத்தமாகவே சொன்னார். பார்வையாளர் படிக்கட்டு வரை அது கேட்டிருக்க வேண்டும். மப்ரூக்கா எழுந்து பையைத் தேட ஆரம்பித்தாள்.

விஜ்தான் கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அம்மாவப் போகச் சொல்லாதீங்க மேடம். இப்பத்தான் மொதமொறையா வந்திருக்காங்க."

நஜீபா வாய்வரை வந்த வசவை விழுங்கிவிட்டுப் படியேறினாள்.

"எங்கக்கா கெளம்பிட்டீங்க?"

"என் வாய்தான் புள்ளயக் கெடுத்திருச்சு. பஸ்ல போய் உக்காந்துக்கறேன்."

"உக்காருங்க. நிக்காஹ்ல எப்பக்கா கொலவ போடுவீங்க?"

மப்ரூக்கா விழித்தாள். "கையெழுத்து போட்டப்பறம்."

"பேனாவ எடுத்த ஒடனே எவளாச்சும் போட்டா?"

"அவ வாயிலயே ஒண்ணு போடுவேன்."

"இங்க வட்டு மண்ணுல விழறதுதான் கையெழுத்து. அப்பறம் உங்க பொண்ணு பின்பக்கமா எறங்கணும், வெள்ளக்கொடி ஏறணும். அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது. என் மொகத்தையே பாத்துக்கிட்டிருங்க, நான் தலையாட்டுனதும் மலையே கேக்கற மாதிரி போடுங்க."

மப்ரூக்கா உட்கார்ந்தாள். முக்காட்டு நுனியைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டாள். பக்கத்துப் பெண்களையும் ஒரு முறை முறைத்தாள்.

விஜ்தான் வட்டத்துக்குள் போனாள். காற்று ஓயட்டும் என்று நின்றாள். கையை ஒருமுறை பின்னால் வீசிப் பார்த்துக்கொண்டு சுழன்றாள். அந்தப் பெரிய உடம்பு அவ்வளவு லேசாகச் சுழல்வதைப் பார்க்கும்போதெல்லாம் நஜீபாவுக்குக் கர்வம் தலைக்கேறும், இன்றும் ஏறியது. அலமாரி என்றவர்களையெல்லாம் இழுத்து வந்து இங்கே நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. வட்டு கிளம்பிவிட்டது.

ஒரு சத்தமும் இல்லை. விஜ்தான் ஒற்றைக் காலில் விளிம்போரம் முன்னால் சாய்ந்து தள்ளாடினாள். கால் விரல்கள் இரும்பை ஒட்டி நின்றன. கைகள் காற்றைப் பிடித்து உடம்பைப் பின்னால் இழுத்தன. நஜீபா அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எறிவதைக் கற்றுக்கொடுத்துவிடலாம். இந்த நேரத்தில் இப்படி நிற்பதை அந்தப் பெண் தானாகத்தான் செய்ய வேண்டும். அவள் நின்றாள். தூரத்தில் புழுதி எழும்பியது. அதன் பிறகும் அவள் அவசரப்படவில்லை. திரும்பி, பின்பக்கமாக நடந்து இறங்கினாள்.

வெள்ளைக் கொடி ஏறியது.

புதிய அடையாளமும் அந்த முதலிடத்துப் பெண்ணின் கொடியும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. எது முன்னால் என்று இங்கிருந்து சொல்ல முடியவில்லை. அளவு நாடாவை இழுத்துக்கொண்டு ஒருவர் ஓடினார். விஜ்தான் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முக்காட்டைக் கடித்தபடி, கண்ணில் நீர் கொட்ட, நஜீபாவைப் பார்த்தாள்.

தலையாட்ட வேண்டும் என்பது நஜீபாவுக்கு மறந்தே போனது. நாக்கு புரளாது என்று அக்காமார்கள் கிண்டலடித்ததால் எந்தக் கல்யாணத்திலும் குலவையிட்டவள் இல்லை அவள். இப்போது கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, அவளே ஆரம்பித்துவிட்டாள். தகரம் கிழிகிற மாதிரி ஒரு குலவை. ஷிராஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். மப்ரூக்கா முக்காட்டைத் துப்பிவிட்டு அந்தக் குலவையைத் தன் குரலில் வாங்கி மேலே கொண்டுபோனாள். பின்னால் படிக்கட்டு முழுதும் எழுந்துகொண்டது.

விஜ்தான் ஓடவில்லை. வட்டத்துக்குப் பின்னால், இறங்கிய இடத்திலேயே நின்று, மண் அப்பிய கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தூரத்தில் நடுவர் நாடாவின் மேல் குனிந்திருந்தார், இன்னும் நிமிரவில்லை.