லூயிஸின் மருந்து

கணவர் லூயிஸ் இறந்து பல மாதங்கள் ஆகியும், அவருடைய இதய மருந்துச் சீசாவை மர்சலின் அலமாரியில் பூட்டியே வைத்திருந்தாள். சீசாவின் மேல் அவர் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. அதை வெளியே போட அவளுக்கு மனசு வரவில்லை.

ஒருநாள் காலை, பக்கத்து வீட்டு ஃப்ளோரன்ஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, அண்ணனுக்கு வந்த மாதிரியே எனக்கும் படபடன்னு அடிச்சுக்குது. யுத்தத்துல கடையில எந்த மருந்தும் கிடைக்கல. அந்தச் சீசாவுல மிச்சம் இருக்குதில்ல?"

மர்சலின் அலமாரியைத் திறந்தும்விட்டாள். லூயிஸின் மருந்து இன்னொருத்திக்கு உதவினால் நல்லதுதானே என்று தோன்றியது. ஆனால் சீசாவைக் கையில் எடுத்ததும், ஒரு தடவை சில சொட்டுகள் கூடிப்போய் அவர் வாந்தியெடுத்துத் துவண்டு கிடந்தது ஞாபகம் வந்தது.

"இதைத் தர மாட்டேன், ஃப்ளோரி. வா, டாக்டர்கிட்ட போவோம்."

ஃப்ளோரன்ஸின் முகம் சுண்டிப்போனது. "செத்தவருக்காகவா பூட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

மர்சலினுக்குக் கண் நிறைந்தது. கொல்லைக்குப் போய், கிணற்றை விட்டுத் தள்ளிக் குழி தோண்டி, மருந்தை ஊற்றி மண்ணைத் தள்ளி மூடினாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு ஃப்ளோரன்ஸை ரிக்‌ஷாவில் ஏற்றினாள்.

சாந்தோம் டாக்டர் பரிசோதித்து, சீசா விஷயத்தையும் கேட்டுவிட்டு, "இதயத்துக்கு ஒண்ணுமில்லை, ரத்தம்தான் குறைவு. அந்த மருந்தைக் குடிச்சிருந்தா ஆபத்தாயிருக்கும்," என்றார்.

திரும்பி வரும்போது ஃப்ளோரன்ஸ் விசும்பினாள். "வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன், அக்கா."

"விடு," என்று மர்சலின் அவள் தோளை அணைத்துக்கொண்டாள். "கீரை வாங்கிக்கிட்டுப் போவோம்."