மாமாவின் கரண்டு மிஷின்

பரிபூரணத்தின் மாமனார் ஐயாதுரை, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஃபாக்டரி ஒன்றில் முப்பது வருஷம் நின்றே வேலை பார்த்தவர். இடுப்பு போய்விட்டது. 1992 பிறந்தபோது, சிங்கப்பூரிலிருந்து வந்த அவருடைய மருமகன் ஒரு சின்ன மிஷினைக் கொடுத்துவிட்டுப் போனார். சோப்பு டப்பா அளவு. இரண்டு வயர், நுனியில் கறுப்பு ரப்பர் வில்லைகள். அவற்றில் பசையைத் தடவி இடுப்பில் ஒட்டி, நம்பர் போட்ட குமிழைத் திருகினால் சுருசுருவென்று கரண்டு ஏறும். ரேடியோவில் சாயங்காலச் செய்தி முடிகிற வரைக்கும் அவர் அதோடு படுத்திருப்பார். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள்.

பரிபூரணம் தொட்டாள்.

அவள் ஆரம்பப் பள்ளி டீச்சர். மாதவிலக்கின் முதல் நாள் வாந்தி எடுத்து, பெஞ்சின் மேல் குப்புறச் சாய்ந்துகொண்டுதான் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லித்தருவாள். பதினாலு வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார்கள் எல்லோரும். கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளையும் இல்லை. மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டதால் கேட்க வீட்டில் வேறு பெண்ணும் இல்லை.

மிஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை ஒரு சனிக்கிழமை புரட்டினாள். ஒரு பெண்ணின் அடிவயிற்றில் வில்லை ஒட்டியிருப்பதுபோல் ஒரு படம். கீழே ‘டிஸ்மெனோரியா’ என்று ஒரு வார்த்தை. பள்ளிக்கூட அகராதியில் தேடினாள், அது இல்லை. வலி வந்த நாளில், படத்தை மட்டும் நம்பி, மாமா வெளியே போயிருந்த நேரத்தில் ஒட்டிக்கொண்டாள். மரத்துப்போன கால் திரும்ப உயிர் பெறுவதுபோல் வயிறெல்லாம் குறுகுறுத்தது. வலி போகவில்லை. ஆனால் பக்கத்து வீட்டில் யாரோ முனகுவதுபோல் தள்ளிப் போயிருந்தது. எழுந்து சோறு வடித்தாள்.

அடுத்தடுத்து மூன்று மாதம் அப்படியே செய்தாள். வில்லைகளைத் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவாள். பேட்டரி தீர்வதைத்தான் மறைக்க முடியவில்லை.

“என்னலே இது, போன வாரந்தான மாத்தினேன். சிங்கப்பூர் சாமானும் இப்படித்தானா?” என்று மகன் பொன்னுராஜிடம் புலம்பினார் ஐயாதுரை. பொன்னுராஜ் அதை ரேடியோ ரிப்பேர்காரரிடம் காட்டினான். மிஷினில் ஒரு குறையும் இல்லை என்று அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐயாதுரைக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஐந்தாவது தடவைதான் குழப்பம் வந்தது. காலையில் வழக்கமான வலி. ஒட்டிக்கொண்டாள், அடங்கியது. ஆனால் தீட்டு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒன்பது நாள் ஆயிற்று. கரண்டு அதை உள்ளேயே நிறுத்திவிட்டதா? இல்லை, பிள்ளைதானா? பிள்ளையென்றால், அதன் மேலா கரண்டு வைத்தோம்? நிற்க வேண்டியதுதான் நின்றிருக்கிறது என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்படுவாள். அடுத்த நிமிஷம் மிஷின் இருக்கும் பக்கமே பார்க்க மாட்டாள்.

பொன்னுராஜிடம் சொன்னாள்.

“அப்பா மிஷினையா? வயித்துலயா?” அவன் அவளையே பார்த்தான். “அப்போ புள்ள இருக்கா, இல்லையா?”

“அதான் தெரியல.”

“இம்புட்டு வலிக்குன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நாலு வருசமா சொல்லுதேன். சுக்குத்தண்ணி குடின்னிய.”

அவனுக்கு லீவு கிடைக்காததால் ராஜபாளையத்தில் இருக்கும் லேடி டாக்டரிடம் கூட்டிப்போகும்படி அப்பாவிடம் சொன்னான். எதற்கென்று சொல்லவில்லை.

புறப்படும்போது பரிபூரணம் வாசலில் தயங்கினாள். “மாமா, அந்த மிஷினையும் எடுத்துக்கிடுங்க.”

“அது எதுக்கும்மா?”

“டாக்டர்ட்ட காட்டணும்.”

அவர் கேள்வி கேட்காமல் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார். பஸ் ஊரைத் தாண்டிய பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

“அப்போ பேட்டரி...”

“நாந்தான் மாமா. வயித்து வலிக்கு.”

கண்டக்டர் வந்து போனார்.

“எத்தனையில வைப்ப?”

“நாலுல.”

“நான் ஆறுல வைப்பேன்” என்றார் ஐயாதுரை.

டாக்டர் தங்கபாய் மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், புத்தகத்தில் ‘டிஸ்மெனோரியா’வைத் தொட்டு, மாதவிலக்கு வலிக்குத்தான் அந்தப் பெயர் என்றார், சிறுநீரைச் சோதிக்க அனுப்பினார். ஒரு மணி நேரத்தில் முடிவு வந்தது.

“பிள்ளை இல்லம்மா. சில மாசம் இப்படி நாள் தள்ளிப்போறதுண்டு, தானா வரும்.”

“மிஷின் நிறுத்தலையா டாக்டர்?”

“அது எதையும் நிறுத்தாது. வலி மூளைக்குப் போய்ச் சேராம மறைக்கும், அம்புட்டுதான். நாள் தள்ளியிருந்தா மட்டும் வயித்துல வைக்காத, மத்த நேரம் வச்சுக்கோ.” பிறகு பேனாவைக் கீழே வைத்தார். “ஆனா இம்புட்டு வலி ஏன் வருதுன்னு இதுவரை யாரும் பாக்கலையா?”

பொம்பளைக்கு வலிக்கத்தான் செய்யும், அதில் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் பரிபூரணமும் நினைத்திருந்தாள்.

வெளியே பெஞ்சிலிருந்து ஐயாதுரை எழுந்து நின்றார். “என்ன சொன்னாவ?”

“ஒண்ணுமில்ல மாமா.”

ஒன்றுமில்லாதது நோயா பிள்ளையா, சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியாமல் அவர் முகம் இரண்டுக்கும் நடுவில் நின்றது. நல்லவேளை, பிள்ளை மேல் கரண்டு வைக்கவில்லை என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. உடனே, வைக்க ஒரு பிள்ளையே இல்லையே என்று அழுகை வந்தது. அவர் பதறிப்போய் எதிர்க்கடையில் ஒரு கலர் சோடா வாங்கி வந்து கையில் கொடுத்தார். அழுதுகொண்டே குடித்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் வைத்துத் தீட்டு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அவள் கேட்டபோது மிஷினைக் கொடுத்துவிட்டு ஐயாதுரை சர்ச்சுக்குப் போனார். அன்றைக்கு அங்கே கூட்டம் எதுவும் கிடையாது என்பது அவளுக்கும் தெரியும்.

அடுத்த மாதம் பொன்னுராஜே லீவு போட்டுக் கூட்டிப்போக, மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். தங்கபாய் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, சினைப்பையில் ஒரு கட்டி இருக்கிறது, பயப்பட வேண்டாம், ஆபரேஷன் செய்து எடுக்கலாம், பிள்ளை நிற்காததற்கும் அது காரணமாக இருக்கலாம் என்றார்.

“அப்போ அந்த வலி நிஜந்தானா டாக்டர்?” என்று கேட்டாள் பரிபூரணம்.

“நிஜமில்லாம?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கட்டி என்று சொன்னதற்கு எதற்குச் சிரிக்கிறாள் என்று பொன்னுராஜ் டாக்டரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “என்னட்டி?” என்றான். சொல்லத்தான் நினைத்தாள். “பதினாலு வயசுலருந்தே நிஜந்தானாம்” என்பதற்குள் மறுபடி சிரிப்பு முந்திக்கொண்டது.