வரதன் மாமா எடுக்காத குட்டி

வரதன் மாமாவின் குட்டியானை மினி லாரி, சேர்க்கைக்கான ஆண் பன்றி கெடாவோடு வந்து கேட் வெளியே நின்றபோது, அம்மா எங்கள் பெண் பன்றி செவலையின் முதுகைக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். செவலை நகரவில்லை. காதை விறைத்துக்கொண்டு நின்றது. சேர்க்கைக்கு ஆகிவிட்டது என்று அர்த்தம். அதை மாமாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்த நாளிலிருந்து அவரே கணக்கு வைத்திருப்பார்.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பின்னால் எங்கள் பன்றிக் கொட்டகை. இந்தப் பக்கத்தில் சிறிய கொட்டகை வைத்திருக்கும் யாரும் கெடா வளர்ப்பதில்லை. அதன் தீனிக்குக் கட்டுப்படியாகாது. சேக்காட்டிலிருந்து மாங்காடு வரை மாமாவின் கெடாதான் போகும். அதற்குக் கூலி, பிறக்கும் குட்டிகளில் ஒன்று. அவரே கூட்டத்தில் தேடி, கொழுத்ததாகப் பார்த்துத் தூக்கிக்கொண்டு போவார்.

போன வாரம் கால்நடை டாக்டர் நிஷா வந்திருந்தார். எங்கள் பன்றிகளில் ஒன்றுக்குப் பாதியிலேயே கரு கலைந்திருந்தது. இன்னொன்று ஈன்றதில் பெரும்பாலும் கறுத்துச் சுருங்கிய குட்டிகள், மூன்றுதான் பிழைத்தன. எது எப்போது சேர்ந்தது, எத்தனை உயிரோடு வந்தது என்று கேட்டு, ஒவ்வொரு அறைச் சுவரிலும் என்னைச் சாக்பீஸால் எழுதச் சொன்னார். தீனியாக இருக்கலாம், சேர்க்கையில் தொற்றும் நோயாகவும் இருக்கலாம், ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை கெடாவை உள்ளே விடாதீர்கள் என்றார். கெடா யாருடையது என்றதற்கு அம்மா, வெளியிலிருந்து வருவது என்று மட்டும் சொன்னாள்.

அப்பா போனபின் எங்களுக்கு முதல் இரண்டு பன்றிகளை அதே வண்டியில் கொண்டுவந்து இறக்கியவர் மாமா. டாக்டரிடம் அவர் பெயரைச் சொன்னால் எல்லாக் கொட்டகையும் அவருக்குக் கதவைச் சாத்திவிடும். கெடாவை உள்ளே விட்டால், எங்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே நல்ல பன்றியான செவலைக்கும் அந்த நோய் வரலாம்.

"இன்னாக்கா, கேட்டத் தொற. மாப்ள வெயில்ல நிக்கிறாரு பாரு" என்றார் மாமா, கெடாவைக் காட்டி.

நான் சாவியை எடுத்தேன். அம்மா என் கையிலிருந்து அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மொதல்ல உன் குட்டிய எட்துக்கோ. மூணு கீது. எது வேணும்னு சொல்லு, பாப்பா தூக்கினு வருவா."

"மூணுல ஒண்ண புடுங்கினு போவனா நானு? அட்த்த தபா பாத்துக்கலாம்."

"சேக்காட்டுல ஒம்போது குட்டி கொழுகொழுன்னு கீதாமே. அங்கயும் வேணாம்னு சொன்னியாமே, வரதா."

மாமா வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். கம்பி இடுக்கில் விரலை விட்டுக் கெடாவின் காதுமடலைச் சொறிந்துகொண்டிருந்தார். கெடா கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கொடுத்தது. 

"என் ஊட்டுப் பொட்டப் பன்னிக்கே ரெண்டு தபா கலைஞ்சிபோச்சிக்கா" என்றார். "கூலி வாங்க மனசு வர்ல. பொழப்ப நிறுத்தவும் முடியல."

அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய் டீ போட்டு எடுத்துவந்து, கேட் கம்பி வழியாகவே நீட்டினாள். இத்தனை வருடத்தில் மாமா வெளியே நின்று டீ குடித்ததில்லை. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, ரத்தத்தில் கோளாறு என்று வந்தால் கெடாவை என்ன செய்வார்கள் என்று கேட்டார்.  கொன்றுவிடுவார்கள் என்று அவருக்கே தெரியும்.

"டாக்டரம்மா நம்பரு குடு" என்றார்.

நான் சொன்னேன். எனக்கே கேட்காத குரலில் சொல்லிவிட்டேன்போல, மறுபடி கேட்டார். அங்கேயே நின்று டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினார். தன் பெயரையும் தான் போகும் கொட்டகைகளையும் ஒவ்வொன்றாக அவரே சொன்னார். எங்களுடையதை முதலில் சொன்னார்.

வண்டி கிளம்பியதும், நோய் ஒட்டாமலிருக்க, சக்கரம் நின்ற இடத்தில் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னாள் அம்மா. கொட்டகைக்குள் செவலை இன்னும் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. மாமா கண்ணில் படக்கூடாதென்று, வண்டி ஏரிக்கரையில் திரும்பி மறையும்வரை நான் பவுடர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.