லெயார்கோ கோபுரம் ஏறப்போன நாள்

காலைக் காப்பி குடிக்கும்போது லெயார்கோ, தங்கையை இன்றைக்கு அசினெல்லி கோபுரத்துக்கு அழைத்துப் போவதாகச் சொன்னார். தானும் மேலே ஏறப்போவதாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

எங்கள் பொலோஞ்ஞாவில் வெளியூர்க்காரர்கள் கோபுரம் ஏறுவார்கள், பட்டம் வாங்கியவர்கள் ஏறுவார்கள். படித்துக்கொண்டிருக்கிறவர்கள் ஏறமாட்டார்கள், ஏறினால் பட்டம் கிடைக்காது என்பது ஊர் நம்பிக்கை. காலமெல்லாம் பேருந்து ஓட்டி, ஓய்வுபெற்ற பிறகு வரலாறு படிக்கச் சேர்ந்த என் கணவர், இத்தனை நாளும் அந்தத் திசையில் தலைவைத்துப் படுக்காதவர். தேர்வெல்லாம் முடிந்துவிட்டது. வியாழக்கிழமை பேராசிரியர்கள் முன்னால் ஆய்வேட்டைப் பற்றிப் பேசுவது ஒன்றுதான் பாக்கி. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்டாயிற்று. இதையும் விட்டால் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள். இந்த நேரத்தில் ஏறுகிறேன் என்றால், மனுஷன் படிப்பையே கைகழுவிவிட்டார் என்றுதான் அர்த்தம்.

மெல்போர்னிலிருந்து வந்திருந்த அவர் தங்கை ஈரிதேவுக்கு இதெல்லாம் எங்கே நினைவிருக்கப்போகிறது? பல வருஷம் கழித்துச் சொந்த ஊரைச் சுற்றிப்பார்க்க வந்தவள். முந்தின நாள் சான் லூக்கா கோயிலுக்கு மலைமேல் நடந்தே போய், காலில் கொப்புளத்தோடு அடுத்தது எங்கே என்று கேட்டவள். நான் வாயை மூடிக்கொண்டு அவர்கள் பின்னால் போனேன். நான் வாயை மூடினால் புயல் வரும் என்று லெயார்கோவுக்குத் தெரியும். திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

ஒவ்வொரு தேர்வுக்கு முன்பும் நெப்டியூன் நீரூற்றை அதிர்ஷ்டத்துக்காக இடப்பக்கமாகச் சுற்றிவிட்டுப் போகிறவர், அன்று அது அங்கே இல்லாததுபோல் நேரே நடந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கோபமும்தான். பட்டம் வாங்குகிறவர் தலையில் சூட்டும் லாரல் இலை மாலைக்குப் பூக்கடையில் சொல்லியாயிற்று, எங்கள் குடியிருப்பு முழுவதையும் அழைத்தாயிற்று.

பொதெஸ்தா மாளிகைக்கு அடியில் இருக்கும் வளைவு மண்டபத்துக்கு வந்தோம். அங்கே ஒரு மூலையில் சுவரைப் பார்த்து முணுமுணுத்தால், எதிர் மூலையில் நிற்பவர் காதில் தெளிவாக விழும். நடுவில் போகிறவர்களுக்கு ஒன்றும் கேட்காது. ஈரிதே அண்ணனை ஒரு மூலைக்கு அனுப்பிவிட்டு, கூரையில் எதையோ படமெடுக்கப் போய்விட்டாள். அவள் வரும்வரை நிற்கலாம் என்று அவள் நிற்கவேண்டிய எதிர் மூலையில் நான் போய் நின்றேன்.

சுவரிலிருந்து லெயார்கோவின் குரல் வந்தது.

"ஈரிதே, உங்கிட்ட மட்டும் சொல்றேன். வியாழக்கிழமை நான் போகல. பேராசிரியருங்களப் பாத்துப் பயமில்ல. நாக்கு குழறினா சிரிச்சிட்டுப் போவாங்க, போகட்டும். ஆனா முன் வரிசையில ஓர்னெல்லா உக்காந்திருப்பா. ஊரையே கூட்டி வெச்சிருக்கா. எல்லார் முன்னாடியும் அவ முகம் வாடறத என்னால பாக்க முடியாது."

பேராசிரியர்கள் என்ற புலிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்தால், அந்தப் புலி ஓர்னெல்லாவாகிய நான்தான்.

"ஈரிதே இல்ல, நான்தான்," என்றேன். "கூப்பிட்டவங்க எல்லார்கிட்டயும் வரவேணாம்னு சொல்லிடறேன். நானும் உள்ள வரல, வெளிய படிக்கட்டுல நிக்கறேன். நீங்க குழறுங்க, மறந்துபோங்க, என்ன வேணா பண்ணுங்க. போயிட்டு மட்டும் வாங்க."

திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் சுவரோடு ஒட்டி நின்றேன். எங்கள் நடுவே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கூச்சலோடு போனது.

"ஊர் வேணாம்," என்றார் கடைசியில். "நீ உள்ள வா. பின் வரிசையில உக்காரு."

ஈரிதே வந்து, அண்ணன் ஏதாவது சொன்னாரா, கேட்டதா என்றாள். நன்றாகவே கேட்டது என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கோபுரத்தில் கூட்டம் சேர்ந்துவிடும் என்று அவள் அண்ணன் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் நகரவில்லை.

"நீ ஏறிட்டு வாம்மா," என்றார். "எனக்கு வியாழக்கிழமை வரைக்கும் படிக்க இருக்கு."