ஒரே நேரத்தில் பன்னிரண்டு கதைகள்

ஞாயிற்றுக்கிழமை. அச்சகத்தில் ஈ காக்கை இல்லை. மாடியறையில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. மாமா, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்த ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்து சின்னவளின் மேஜைமேல் வைத்தார். வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். மாமா அவளுடைய அக்காவின் கணவர், லாரி ஓட்டுகிறவர். மகளையும் கூடவே அழைத்துவந்திருந்தார்.

அக்கா படுக்கையில் கிடந்தபடி மகளுக்காகச் சொல்லிப் பதிந்த பன்னிரண்டு கதைகள் அதில் இருந்தன. முடி கொட்டிய பிறகு முகத்தைக் காட்ட அவளுக்கு மனமில்லை, குரல் போதும் என்றுவிட்டாள். அவள் போனபின் அதைத் திறக்க மாமாவுக்கு நெஞ்சு வரவில்லை, அலமாரியிலேயே கிடந்தது. போன வாரம் மகள், அம்மா குரல் எப்படியிருக்கும் என்று கேட்டிருக்கிறாள். ஆடிப்போன மனுஷன் தேடி எடுத்துச் சொருகினால், டிஸ்க் உள்ளுக்குள் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டது.

சின்னவளுக்கு இது கைவந்த வேலை. அச்சகத்துக்கு வந்து குவியும் படங்களையெல்லாம் மாற்றித்தரும் ஷெல் ஸ்கிரிப்டுகள், கணினிக்கு வரிசையாக வேலை சொல்லும் கட்டளைகள், அவள் எழுதியவைதான். டிஸ்க்கைச் சொருகி, ஒரு கதை முழுதாகத் தன் கணினிக்கு வந்து சேர்ந்த பிறகு அடுத்ததைத் தொடும்படி நாலு வரி எழுதி ஓடவிட்டாள். முதல் கதையே நத்தையாக ஊர்ந்தது.

மாமா ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். வீட்டுச் சாமான் ஏற்றிய லாரி நின்றிருந்தது. இருட்டுமுன் குடிபோகும் புது ஊருக்குப் போய்ச் சேரவேண்டுமாம். இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கேட்டார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "உங்க அக்காதான் ஆமை. நீ புயலாச்சேம்மா" என்றார்.

வைத்துவிட்டுப் போங்கள், பிறகு அனுப்புகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஓடுவதை நிறுத்தி, வரியின் கடைசியில் & என்ற குறியைச் சேர்த்தாள். அதைப் போட்டால் ஷெல் அந்த வேலையைப் பின்னணிக்குத் தள்ளிவிட்டு, அது முடியக் காத்திராமல் அடுத்ததைக் கிளப்பும். எல்லாம் முடியும்வரை பொறுத்திரு என்று கீழே ஒரு ‘வெயிட்’. அதற்கும் கீழே, வழக்கம்போல ஒரு அறிவிப்பு வரி. அன்றாடம் செய்வதுதான். கை தானாகவே அடித்தது.

பன்னிரண்டு கதைகளும் ஒன்றாகக் கிளம்பின. கொஞ்ச நேரம் எல்லாமே நகர்ந்தன; மாமா முகத்தில் வெளிச்சம்கூட வந்தது. பிறகு டிக் டிக் சத்தம் நெருங்கி நெருங்கி வந்து, கரகரவென்று இழுத்து, அடங்கிவிட்டது. படிக்க முடியவில்லை என்று ஒவ்வொரு வேலையாகச் செத்து விழுந்தது. காத்திருக்க இனி ஒன்றுமில்லாததால் ‘வெயிட்’ விலகிக்கொண்டது. முடிந்தவை எப்படி முடிந்தன என்று அது கேட்பதில்லை. திரையில் கடைசி வரி வந்தது: ‘எல்லாம் வெற்றிகரமாக முடிந்தது.’

அச்சகத்து டிஸ்க்குகள் புதியவை. எத்தனை பேர் இழுத்தாலும் தாங்கும். இதற்குள் இருந்ததோ, ஓடியோடிப் படிக்கிற, தேய்ந்துபோன ஒரே கை. அதைப் பன்னிரண்டு திசைக்கு இழுத்தடித்திருக்கிறாள். மறுபடி சொருகிப் பார்த்தாள். மூச்சில்லை.

"பழசும்மா. அது ஆயுசு அவ்வளவுதான்" என்றார் மாமா. சின்னவள் தலையாட்டிவைத்தாள்.

வந்தவரைக்கும் கேட்கட்டும் என்று மகளின் காதில் ஹெட்போனை மாட்டினார்கள். பெரியவர்கள் மாட்டுவது, தலையில் நிற்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் சிரிப்பதைப் பார்த்து மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒன்று முடிந்து அடுத்தது, அதற்கடுத்தது என்று போகப்போக அந்தச் சிரிப்பு வற்றியது. ஹெட்போனைக் கழற்றினாள்.

"சித்தி, ஒரு குடைக்கு மழைன்னாலே பயமாம். அதோட அம்மா நிறுத்திட்டா. எல்லாக் கதையும் பாதியிலயே விட்டுட்டா."

சின்னவள் ஹெட்போனை வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

"அம்மாவுக்கு ரொம்ப வலிச்சுதா? அதான் முடிக்கலயா?"

ஆமாம் என்றால் போதும். வலிமேல் பழியைப் போட்டால் ஏன் என்று கேட்க ஆளில்லை. ஆனால் அக்கா ஒரு வேலையைப் பாதியில் விட்டவளே இல்லை. ஒன்றை முடிக்காமல் இன்னொன்றைத் தொட்டால் சின்னவளின் கையிலேயே போடுவாள்.

"இல்லடா கண்ணு. அம்மா எல்லாத்தையும் முடிச்சுதான் வச்சிருந்தா. ஒண்ணொண்ணா எடுத்திருந்தா ரெண்டு மூணாவது முழுசா வந்திருக்கும். எல்லாத்தையும் ஒரேயடியா இழுத்தது நான்தான்."

மாமா மெதுவாகத் திரும்பினார்.

"வந்திருக்குமா?"

"வந்திருக்கும், மாமா."

அவர் மேஜையருகே வந்து, டிஸ்க்கை மறுபடி கைக்குட்டையில் வைத்து, முன்பு சுற்றியிருந்த மாதிரியே சுற்றினார்.

"குடை அப்புறம் என்னாச்சு?" என்றாள் மகள்.

"தெரியலடா."

அவள் ஹெட்போனை எடுத்துத் திரும்ப மாட்டிக்கொண்டு, முதல் கதையிலிருந்து ஆரம்பித்தாள். வெளியே கசிந்த குரல் சின்னவளுக்கும் கேட்டது. ஒரு ஊர்ல, என்றாள் அக்கா.

நேரமாகிறது என்று மாமா சொல்லவில்லை.