கைக்கு எட்டாத மணி

"உன் கையேதான் போ! சுண்டுவிரலைத் தூக்கிக்கிட்டு வாய் துடைக்கறதைப் பாரேன்" என்று கணவன் சிரித்தான்.

முதியோர் விடுதியில் தாதியாக இருக்கும் அவள், ஆறு மாதம் கையுறையும் நெற்றிக் கேமராவும் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தாள். அவள் செய்வதைப் பார்த்தே பழகிய ரோபோக்கள் நேற்று நாற்பது வீடுகளுக்குப் போயிருந்தன. படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாருக்காக இன்று காலை இங்கேயும் ஒன்று.

"இந்த மருமக எதிர்த்துப் பேச மாட்டா" என்றாள் மாமியார்.

"நான் எப்ப அத்தை எதிர்த்துப் பேசினேன்?"

"இதோ, இப்ப!"

ரோபோ போர்வையைத் தோள்வரை இழுத்துவிட்டது. பிறகு மாமியாரின் கைப்பக்கம் இருந்த அழைப்பு மணியை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தது.

விடுதியில் ஆள் பற்றாத நாட்களில், ஓயாமல் கூப்பிடுகிறவர்களிடம் அவள் செய்வது அது. கேமரா இருப்பதே மறந்துபோயிருந்தது.

"அதை ஏன் அங்க வைக்குது?" என்று கேட்டான் கணவன்.

"தெரியலைங்க" என்றாள். மணியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, பல மாதங்களுக்குப் பிறகு அவனோடு கடைக்குக் கிளம்பினாள்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது மாமியாருக்குக் குரலே எழும்பவில்லை. படுக்கை நனைந்திருந்தது. மணி ஜன்னலில் இருந்தது.

"கத்திப் பாத்தேம்மா. யாரும் வரல."

கணவன் எதிரிலேயே அவள் ரோபோ கம்பெனி இன்ஜினியருக்குப் போன் போட்டாள்.

"அதுவா அக்கா? உங்க பதிவுல முந்நூறு தடவை இருக்கு. கடைசியா மணியை எடுத்து வைக்கறதும் வேலைல ஒண்ணுன்னு நினைச்சோம்."

"வேலை இல்ல தம்பி. அவங்க என்னைக் கூப்பிடக் கூடாதுன்னு நான் செஞ்சது. உடனே எல்லா வீட்டுக்கும் சொல்லுங்க!"

"பதறாதீங்கக்கா. ஒரு புகாரும் இல்ல. மணி அடிச்சா இங்க பதிவாகும். ரோபோ வர்றதுக்கு முன்னாடியே மணியைக் கொடுத்துட்டோம், போன வாரம் பூரா அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நேத்து மத்தியானத்துலேருந்து நாற்பது வீட்லயும் ஒரு தடவைகூட அடிக்கல. எங்க மேனேஜர் கேக் வாங்கிட்டு வரப் போயிருக்கார்!"

"முகவரி அனுப்புங்க. எல்லாத்தையும். இப்பவே."

கணவன் வண்டிச் சாவியை நீட்டினான். அவள் வாசலைத் தாண்டும்வரை, அம்மாவின் ஈரப் போர்வையை உருவிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை.